வெள்ளைக்கல் தண்ணீரில் டீ

சேலம் மாமாங்கம் பகுதியில் ஒரு வீட்டு அடுப்பில் போட்ட டீயையும், அதே பாக்கெட் தூளை எடுத்துப்போய் ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணீரில் போட்ட டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே தூள் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே போட்டது கறுத்து, மேலே ஆடை மிதந்து, நாக்கில் சப்பென்று இருக்கும். மலையில் போட்டது செம்பு நிறத்தில் தெளிவாக இருக்கும், ஆனால் கொஞ்சம் நீர்த்த மாதிரி தெரியும். உடனே எல்லோரும் செய்கிற காரியம் தூளை மாற்றுவது. பால் கலக்காத டீயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். அதைக் கவனிக்காமல் தூளுக்குக் கூடக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

சேலத்தில் வடக்குப் பக்கம், ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி இருக்கும் கரடுகளில் வெள்ளைக்கல் தோண்டுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறைகளுக்குள் ஊறி வரும் போர் தண்ணீரில் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் ஏறித்தான் இருக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமாகும், குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இருந்தால் டீயும் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கெடுவது இரண்டு விதம். முதலாவது அந்த ஆடை. பால் கலக்காத டீயை ஆற வைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று வந்து, டம்ளர் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டும். பலர் இதைத் தூளில் ஏதோ கலப்படம் என்று நினைக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்பிரோ, ஜகன்யி என்ற இருவர் இதையே ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள்: தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்த இடத்தில், டீயின் துவர்ப்புச் சத்து காற்றுபட்டு மாறி மேலே திரளுவதுதான் அந்த ஆடை. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத கெடுதல். பைகார்பனேட் ஏறிய தண்ணீர் காரத்தன்மை உள்ளது. டீயில் இயல்பாக இருக்கும் புளிப்பை அது அமுக்கிவிடும். புளிப்பு போனால் டீயின் துடிப்பு போய்விடும். நிறம் மட்டும் கறுக்கும். டீக்குள் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு நேர் எதிர். சில இடங்களில் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டு 'கலர்' வரவைப்பதும் இதே வேலைதான். கலர் வேறு, சாரம் வேறு.

சரி, கொதிக்க வைத்தால் இந்தக் கடினம், அதாவது தண்ணீரில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும், இறங்காதா? கால்சியம் என்றால் இறங்கும். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற வைத்தால் கார்பனேட்டாகி அடியில் படியும், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். மெக்னீசியம் அவ்வளவு சுலபமாக இறங்காது, ஏனென்றால் மெக்னீசியம் கார்பனேட் தண்ணீரில் கூடுதலாகக் கரையும். வெள்ளைக்கல் பக்கத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து நல்ல தண்ணீராக்கும் வித்தை பாதிதான் பலிக்கும்.

சேலத்தில் டீக்கு ஏற்றது காவிரித் தண்ணீர், மேட்டூரிலிருந்து வருவது. ஆனால் அதில் இரண்டு சிக்கல். ஒன்று குளோரின் வாடை. அது டீச் சத்தோடு சேர்ந்து மருந்து மணம் அடிக்கும். வாயகன்ற பாத்திரத்தில் இரவே பிடித்து மெல்லிய துணி போட்டு மூடி வைத்தால் காலையில் பெரும்பாலும் போயிருக்கும். அவசரமென்றால் மூடாமல் இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். இன்னொன்று நாமே செய்துகொள்வது. தண்ணீர் தினமும் வராததால் தரைத் தொட்டியில் நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒன்றாக விட்டு மேலே ஏற்றிவிடுகிறோம். சமையலறைக் குழாயில் வருவது காவிரி என்று நம்பிக்கொண்டு கலவையில் டீ போடுகிறோம். டீக்கு மட்டும் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தால் போதும்.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றால் எதிர்ப்பக்கத்துக் குறை. உப்பெல்லாம் வழித்தெடுத்த தண்ணீரில் டீ பளிச்சென்று இருக்கும், வாய் நிறையாது, துவர்ப்பு குத்தும். நூலாம்படை மாதிரி மெல்லியதாகப் போய்விடும். இதற்குக் கலப்புதான் வழி. டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேன் 40, போர் 800 காட்டினால், ஐந்து டம்ளர் கேன் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போர் தண்ணீர் சேர்த்தால் 167 வரும். 100 முதல் 200க்குள் இருந்தால் டீ நன்றாக நிற்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: மீட்டர் காட்டுவது கரைந்த உப்பு மொத்தத்தை, கடினத்தை மட்டும் அல்ல. இந்தியக் குடிநீர் தர அளவில் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. 600இல் குடிக்கலாம், டீ போட வேண்டாம்.

உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் சரி என்று பார்க்க டீ ருசி பார்ப்பவர்களின் முறையே போதும். ஐ.எஸ்.ஓ. 3103 என்று உலகத் தரம் ஒன்று இருக்கிறது. நூறு மில்லிக்கு இரண்டு கிராம் தூள், கொதிநீர், மூடி வைத்து ஆறு நிமிடம். (டீ போடுவதற்குப் பக்கம் பக்கமாக எழுதியதற்காக 1999இல் இதற்கு மூலமான பிரிட்டிஷ் தரத்துக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கொடுத்தார்கள். கேலி செய்தாலும் உருப்படியான முறை.) ஒரே தூள், ஒரே அளவு, மூன்று கிளாஸ்: காவிரி, கேன், போர். சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம். ஆறியதும் நிறம், ஆடை, துவர்ப்பு மூன்றையும் பாருங்கள். குடிக்க இந்த டீ கடுப்பாகத்தான் இருக்கும். குறையை வெளியே இழுப்பதற்கான அளவு அது, குடிப்பதற்கானது அல்ல.

இனி மலைக்குப் போவோம். சேலம் 278 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் தண்ணீரின் கொதிநிலை 99 டிகிரியிலிருந்து 95க்கு இறங்கிவிடும். மேலே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிற மாதிரி தெரிவது இதனால்தான். கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் 95ஐத் தாண்டாது, ஆவிதான் போகும். அதனால் கீழே மூன்று நிமிடம் என்றால் மேலே நான்கு. தூளை அள்ளிப் போட்டு ஈடுகட்டப் பார்த்தால் துவர்ப்பு கூடும், மணம் கூடாது. நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

இந்த நான்கு டிகிரியை விடப் பெரிய திருடன் பாத்திரம். நானூறு கிராம் எடையுள்ள தடித்த பீங்கான் டீ பாட் ஒன்று, ஏற்காட்டுக் காலைக் குளிரில் 18 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 300 மில்லி கொதிநீரை ஊற்றினால், பாத்திரமும் நீரும் ஒரு நிலைக்கு வரும்போது 78 டிகிரிதான் மிஞ்சும். 78இல் நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை (பொடியாக்காமல் இலையாகவே சுருட்டியது) பாதி விரியும், மீதிச் சாரம் இலையிலேயே தங்கிவிடும். அதே பாட் சேலத்தில், 32 டிகிரி அறையில், 84 வரை தாங்கும். ஆகவே முதலில் ஒரு தரம் கொதிநீர் ஊற்றி, ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு இலை போடுங்கள். சேலத்தில் மே மாதம் இதைச் செய்யாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஏற்காட்டில் மார்கழியில் செய்யாவிட்டால் டீயே இல்லை.

கிரீன் டீ போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும். 75 முதல் 80 டிகிரி வேண்டும், தெர்மாமீட்டர் தேவையில்லை. ஏற்காட்டில் மூன்று பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர், சேலத்தில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. இரண்டு இடத்திலும் 76 டிகிரி பக்கம் வந்து நிற்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டுக் கசக்கிறது என்று சொல்வதில் நியாயமில்லை.

நம் ஊரில் டீ என்றால் பால் டீ, அதுவும் டஸ்ட். நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களில் சி.டி.சி. முறையில் அரைபட்டு வருவது. 1930 வாக்கில் அசாமில் மெக்கெர்ச்சர் என்பவர் அமைத்த உருளைகளில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற முறை அது. பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் இறங்கும். சூப்பர் ஃபைன் டஸ்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும், குருணையாக உருண்டிருக்கும் பி.ஓ.பி. வகைக்கு மூன்று நிமிடம். இரண்டையும் ஒரே நேரம் கொதிக்க வைத்துவிட்டு ஒன்று நல்லது, ஒன்று மட்டம் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இரண்டு டம்ளர் பால் டீக்கு என் அளவு: தண்ணீர் 150 மில்லி, பால் 150 மில்லி, தூள் 6 கிராம். தலைதட்டிய டீஸ்பூனில் இரண்டு, இரண்டேகால் வரும். ஒரு தடவை தராசில் நிறுத்துப் பார்த்து உங்கள் ஸ்பூனின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தூளைப் போட்டு, தீயைக் குறைத்து, டஸ்டாக இருந்தால் இரண்டு நிமிடம். பாலை வேறு பாத்திரத்தில் காய்ச்சிச் சூடாகச் சேர்க்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை நேராக ஊற்றினால் சூடு சடாரென்று இறங்கும். மறுபடி கொதி வருவதற்குள் தூள் ஊறி ஊறிக் கசப்பேறும். பால் சேர்ந்ததும் ஒரு பொங்கு, இறக்கி மறுபடி ஒரு பொங்கு, வடிகட்டு. அவ்வளவுதான். பாலோடு சேர்த்துப் பத்து நிமிடம் சுண்டவிடுவது டீயை அழுத்தமாக்காது. பாலில் உள்ள கேசின் துவர்ப்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் அழுத்தம் பால் சேருமுன் தண்ணீரிலேயே இறங்கியிருக்க வேண்டும். சுண்டவிட்டால் கிடைப்பது டீ மணக்கிற பாசந்தி.

பாலில் ஆவின் பச்சை பாக்கெட்தான் டீக்குப் பொருத்தம், கொழுப்பு நாலரை சதவீதம். நீலத்தில் மூன்றுதான், அதற்குத் தண்ணீரை 120 மில்லியாகக் குறையுங்கள். ஆரஞ்சில் ஆறு, அது காபிக்கு நன்றாக இருக்கும், டீயின் மணத்தை மூடிவிடும்.

கடை டீ வீட்டில் ஏன் வருவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு: கடையில் தூளைக் கொதிக்க வைப்பதே இல்லை. பாய்லர் வெந்நீரைத் துணிப் பையில் உள்ள தூள் மேல் ஊற்றி வடித்து, அதே டிகாஷனை மறுபடி பைக்குள் ஊற்றி, இரண்டு மூன்று சுற்று விடுகிறார் மாஸ்டர். டிகாஷன் தனி, பால் தனி, கிளாஸில்தான் சந்திக்கின்றன. வீட்டில் செய்ய 100 மில்லி கொதிநீர், 8 கிராம் தூள், துணி வடிகட்டி போதும். மூன்று தடவை ஊற்றி எடுங்கள், பிறகு 200 மில்லி சூடான பால். கடைசியில் உயரத் தூக்கி ஆற்றுவது வேடிக்கைக்கு இல்லை. நுரை ஏறும், சர்க்கரை கரையும், வாய் வைக்கிற சூட்டுக்கு வரும். நான்கு ஆற்றுக்கு மேல் வேண்டாம், ஏற்காட்டுக் குளிரில் இரண்டே போதும்.

புதுத் துணிப் பை வாங்கினால் கஞ்சி போகும்வரை வெந்நீரில் இரண்டு முறை கொதிக்க வையுங்கள். அப்புறம் சோப்பு படவே கூடாது, வாடை போகாது. தினமும் அலசி வெயிலில் காய வேண்டும். ஏற்காட்டு மழைமாதத்தில் காயாது, பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் எவர்சில்வர் வலையே மேல், இரட்டை வலையாக வாங்கினால் டஸ்ட் இறங்காது. பிளாஸ்டிக் வடிகட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மலையில் வேறொரு பழக்கமும் உண்டு, காபி பில்டரிலேயே டீ இறக்குவது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அது காபி மலைதானே, எந்த வீட்டிலும் பில்டர் இருக்கும். ஆனால் டஸ்ட் பில்டர் கண்ணை அடைத்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக இறங்கப் பதினைந்து நிமிடமானால் அதுவரை தூள் ஊறிக் கசக்கும், டிகாஷனும் ஆறிவிடும். காபி எண்ணெய் வாடை வேறு. உருண்டைக் குருணை போட்டு, மேல் அழுத்தியை வைக்காமல் விட்டால் ஓரளவு வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாத்திரத்துக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. 1981 முதல் உருக்காலை எவர்சில்வர் தகடு போடுகிற ஊர். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டாவிட்டால் அசல் 304 என்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. மாங்கனீசு சேர்த்த 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. டீக்கு எதுவானாலும் ருசி மாறாது, அடி கனமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மெல்லிய அடியில் பால் பிடித்து அந்தத் தீய்ந்த வாசம் டீ முழுக்கப் பரவும். அலுமினியத்தில் எலுமிச்சை டீ வேண்டாம். தாமிரம், பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், பூச்சு தேய்ந்ததும் மறுபூச்சு. பூச்சு போடாத மண் குவளைக்கு ஒரு குணம், முந்தின டீயின் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு குவளைக்கு ஒரே டீ என்று வைத்துக்கொண்டால் அது குணம், இல்லாவிட்டால் குறை.

இஞ்சி டீ திரிவதற்குப் பால் மேல் பழி போடுகிறோம். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. தட்டிய இஞ்சியைப் பாலில் நேராகப் போட்டால் திரிக்கும். தண்ணீரிலேயே மூன்று நிமிடம் கொதித்தால் நொதி செத்துவிடும், பிறகு தூள், பிறகு பால். வெல்லம் போடுகிறவர்கள் அடுப்பை அணைத்து, டம்ளரில் ஊற்றிய பிறகுதான் பாகைச் சேர்க்க வேண்டும். மஞ்சளும் வெளுப்புமாகப் பளபளக்கிற வெல்லத்தை வாங்காமல், கருத்த அச்சு வெல்லமாகப் பாருங்கள். ஏற்காட்டு மிளகு நான்கு ஐந்தை நசுக்கி இஞ்சியோடு போடலாம். பொடித்த மிளகு வேண்டாம், தொண்டையில் நிற்கும். சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டோடு குடிக்க மட்டும் இஞ்சி, மிளகு எதுவும் இல்லாத லைட் டீ. புதினாச் சட்னியின் காரம் நாக்கில் இருக்கும்போது மசாலா டீ எரிச்சலைத்தான் கூட்டும்.

நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை வாங்குகிறவர்கள் குறைவு. அதற்குப் பாலே வேண்டாம்: 200 மில்லிக்கு 3 கிராம், சேலத்தில் மூன்று நிமிடம், ஏற்காட்டில் நான்கு. டிசம்பர் ஜனவரிப் பனிக்காலத்தில் பறித்த இலைக்குத் தனி மணம் உண்டு, அதைப் போர் தண்ணீரில் போடுவது பாவம்.

லூஸ் தூள் எங்கே வாங்கினாலும் ஒரு சோதனை. வெள்ளை வடிதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். உடனே சிவப்பாகவோ மஞ்சளாகவோ திட்டுத் திட்டாகக் கறை பரவினால் சாயம். பழுப்பு மெல்ல இறங்கினால் டீ. காந்தத்தை மேலே ஓட்டினால் இரும்புத்தூள் இருந்தால் ஒட்டும்.

தூளை வைப்பதில் இரண்டு ஊருக்கும் இரண்டு எதிரி. தொழிற்சாலையை விட்டு வரும்போது தூளில் மூன்று சதவீதம் அளவுதான் ஈரம். ஏற்காட்டில் மேகம் சமையலறைக்குள்ளேயே வந்து போகும், ஒரு வாரம் திறந்து வைத்தால் நமுத்துப்போன வாசம் வந்துவிடும். சின்ன டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும், மீதி கட்டிய பாக்கெட்டோடு. காபிக்கொட்டை, மிளகு, ஏலம் இருக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது, டீத்தூள் எல்லா வாசத்தையும் உறிஞ்சும். சேலத்தில் ஈரம் பிரச்சினை இல்லை, சூடு. அடுப்புக்கு மேல் பலகையில் வைக்காதீர்கள். கொதிக்கிற பாத்திரத்தின் ஆவிக்கு நேர் மேலே டப்பாவைத் திறந்து தூளைக் கொட்டுகிற பழக்கம் இரண்டு ஊரிலும் உண்டு. ஸ்பூனில் எடுத்து, டப்பாவை மூடிவிட்டு, அப்புறம் போடுங்கள்.

கெட்டிலின் அடியில் வெள்ளைக்கல் மாதிரியே படிந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்துக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் வைத்துக் கொட்டினால் கழன்று வரும். காவிரித் தண்ணீர் வீட்டில் மாதம் ஒருமுறை, போர் தண்ணீர் வீட்டில் வாரம் ஒருமுறை. கிளாஸில் ஒட்டிய பழுப்புக் கறைக்கு இது வேலை செய்யாது. ஈரத்துணியில் ஆப்பச் சோடாவைத் தொட்டுத் தேயுங்கள். அந்தச் சோடாவுக்கு டீயோடு இருக்கவேண்டிய சம்பந்தம் அவ்வளவுதான்.